அரிசி இருக்கு... குழம்புக்கு என்ன வழி? காத்திவாக்கம் சொல்லும் நிவாரணக் கணக்கு

டிசம்பரில் சென்னையில் பெருமழை கொட்டினால் அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் ஒரு செய்தி வரும். 'வடசென்னைக்கு நிவாரணப் பொருள் அனுப்புறோம். ஆளுக்கு 500 ரூபாய் ஜிபே பண்ணுங்க.' இரண்டு நாளில் போட்டோவும் வந்துவிடும். டெம்போ நிறைய ஐந்து கிலோ அரிசிப் பைகள், பக்கத்தில் பிஸ்கட் பெட்டிகள், ஒரு பேனர்.

கொடுப்பவர்களின் மனசைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. அந்த வீடுகளில் தீர்ந்துபோனது அரிசிதானா?

இதற்கு விடை தேட காத்திவாக்கத்தைப் போல் பொருத்தமான இடம் சென்னையில் குறைவு.

காத்திவாக்கம் எங்கே இருக்கு?

மேப்பில் தேடினால் முதலில் காத்திவாக்கம் நெடுஞ்சாலை வந்து நிற்கும். அது தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் ஓடும் சாலை. ஊர் அதுக்கும் வடக்கே. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் விம்கோ நகருக்கு அடுத்த நிறுத்தம் காத்திவாக்கம், அதற்கடுத்தது எண்ணூர். தனி நகராட்சியாக இருந்த ஊர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது திருவொற்றியூர் மண்டலத்தில் வருகிறது.

கிழக்கே கடல். மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். இந்த மூன்று தண்ணீருக்கும் நடுவில் நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், உலகநாதபுரம் என்று மீனவக் குடியிருப்புகள். சுற்றி அசோக் லேலண்ட் தொழிற்சாலை, 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையமும் காமராஜர் துறைமுகமும். தெற்கே, கொஞ்சம் உள்ளே தள்ளி மணலி சுத்திகரிப்பு ஆலை. நடுவில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள்.

இந்த ஊரில் ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தால் சாப்பாடு எங்கிருந்து வருகிறது?

ரேஷன் கடைதான் இங்கே உணவு வங்கி

அமெரிக்கா, பிரிட்டன் செய்திகளில் 'ஃபுட் பேங்க்', 'ஃபுட் பேன்ட்ரி' என்று படித்திருப்பீர்கள். கஷ்டப்படும் குடும்பம் போய் ஒரு வாரத்துக்கான மளிகையை இலவசமாக வாங்கிவரும் இடம். 1967-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கியதுதான் உலகின் முதல் உணவு வங்கி என்று சொல்வார்கள். பிரிட்டனில் டிரசல் டிரஸ்ட் என்ற அமைப்பு 2000-ம் ஆண்டு சாலிஸ்பரியில் தொடங்கியது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அங்கெல்லாம் ரேஷன் கடை கிடையாது. அந்த இடைவெளியை தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் நிரப்புகின்றன.

தமிழ்நாட்டில் கதை வேறு. 1997-ல் மத்திய அரசு பொது விநியோகத்தை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்தது. யார் ஏழை என்று விசாரிக்காமல் எல்லாருக்கும் அரிசி என்பதுதான் இங்கே கொள்கை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் தமிழ்நாடு ஏற்றுக்கொண்ட பிறகும், முன்னுரிமை இல்லாத அட்டைக்கும் அரிசி தொடர்ந்தது. ஏழை என்று நிரூபித்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டிய நிலை இல்லாததால்தான் ரேஷன் வாங்குவது இங்கே அவமானமாக இல்லை. அரசு ஊழியர் வீட்டுக்காரரும் ஆட்டோ ஓட்டுபவரும் ஒரே கடையில் பை நீட்டுவார்கள்.

ஆக, காத்திவாக்கத்தில் அட்டை உள்ள வீட்டில் அரிசி இருக்கும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ. அந்தியோதயா அட்டை என்றால் 35 கிலோ.

அப்புறம் என்ன பிரச்சினை?

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 20 கிலோவை 30 நாளுக்கும் நான்கு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 167 கிராம். சுமார் 580 கலோரி. உடல் உழைப்பு செய்யும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரிக்கு மேல் தேவை. அதாவது ரேஷன் அரிசி பசியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அடக்காது. மீதிக்குக் கடை அரிசி வாங்கவேண்டும். சரி, அதையும் சமாளித்துவிடலாம்.

பருப்புக்கு வாங்க. 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. கொடுக்கும் அளவு, அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, ஒரு லிட்டர். அதே நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு, 8 மில்லி எண்ணெய். எட்டு கிராம் பருப்பு என்பது இரண்டு டீஸ்பூன்கூட முழுசாக வராது. ஒரு காலத்தில் உளுந்தும் கொடுத்தார்கள், பிறகு நின்றுபோனது.

இந்த ஒரு கிலோவும் அரிசி மாதிரி உறுதியானது இல்லை. அரிசிக்குப் பின்னால் சட்டமும், கிடங்கும், நெல் கொள்முதலும் இருக்கின்றன. பருப்புக்கும் எண்ணெய்க்கும் மாநில அரசு டெண்டர் விட்டு வாங்கவேண்டும். 2024 மே மாதம் தேர்தல் நடத்தை விதிமுறைக் காலத்தில் கொள்முதல் தள்ளிப்போனது. பல கடைகளில் மே மாதப் பருப்பும் எண்ணெயும் வரவில்லை, ஜூனில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. போன மாத அரிசியை இந்த மாதம் வாங்கினால் மூட்டையில் இருக்கும். போன மாதம் பருப்பில்லாமல் சாப்பிட்டதை இந்த மாதம் எப்படி ஈடுகட்டுவது?

உடம்பு இதைச் சொல்லிவிடுகிறது. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். இலவச அரிசி எட்டு ஆண்டு ஓடிய பிறகு எடுத்த கணக்கு இது. ரத்தசோகைக்குக் காரணம் பல. ஆனால் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதும் அவற்றில் ஒன்று.

கருவாட்டுப் பானை

மீனவக் குடியிருப்புக்கென்று ஒரு பழைய உணவு வங்கி உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. கருவாடு.

மீன் அதிகம் கிடைக்கும் நாளில் விற்றது போக மீதியை உப்புப் போட்டு மணலில் காயவைப்பார்கள். நெத்திலி, வாளை, சென்னாக்குன்னி. காய்ந்ததைப் பானையிலோ டப்பாவிலோ கட்டிவைத்தால் கடலுக்குப் போகமுடியாத நாளுக்கு ஆகும். புயல் எச்சரிக்கை வந்தாலும், விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை வந்தாலும், பழைய சோற்றுக்கு ஒரு துண்டு சுட்ட கருவாடு இருக்கும். கத்தரிக்காய் இரண்டு போட்டால் குழம்பு ஆகிவிடும். பருப்பு வாங்கும் காசு மிச்சம்.

ஆற்று மீன்பிடிப்பும் இப்படித்தான். கொசஸ்தலையின் கழிமுகத்தில் இறால், நண்டு, மடவை. சின்னப் படகு போதும். சிலருக்குப் படகுகூட வேண்டாம். பிடித்ததில் பெரியது சந்தைக்கு, பொடிசு வீட்டுக்கு. ஆறு என்பது சம்பளம் மட்டுமில்லை, குழம்புச் சட்டியும் அதுதான். ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வேலை போனால் வருமானம் மட்டும்தான் போகும். ஆறு கெட்டால் மீனவர் வீட்டில் வருமானமும் கறியும் ஒரே நாளில் போய்விடும். இந்த வித்தியாசம் நிவாரணம் கொடுப்பவர்கள் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை.

2023 டிசம்பரில் என்ன நடந்தது?

மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. நகரம் முழுக்க வெள்ளம். எண்ணூர் பக்கம் மட்டும் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது.

மணலியிலுள்ள சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ள நீரோடு எண்ணெய் வெளியேறியதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக ஆற்றுக்கும், அங்கிருந்து முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கும் எண்ணெய்ப் படலம் பரவியது. படகும் வலையும் தாரில் முக்கியெடுத்த மாதிரி ஆகின. அலையாத்தி மரங்களின் வேரில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. எண்ணெயை அள்ளும் வேலைக்கும் கடைசியில் மீனவர்கள்தான் இறங்கினார்கள், வாளியும் மக்கும் எடுத்துக்கொண்டு.

தாழ்வான வீடுகளுக்குள்ளும் இந்தத் தண்ணீர் புகுந்தது. இங்கே அரிசியும் போனது என்பதைச் சொல்லியாகவேண்டும். மூட்டை தரையில்தான் இருக்கும். சும்மா மழைத்தண்ணீரில் நனைந்த அரிசியைக்கூட வெயில் வந்தால் காயவைக்கலாம், எண்ணெய் கலந்த தண்ணீர் பட்டதை என்ன செய்வது? ஆகவே முதல் வாரத்தில் அரிசி கொடுத்தவர்கள் தேவையான வேலையைத்தான் செய்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் இன்னும் தேவையாக இருந்தது, ஏனென்றால் அடுப்பும் தண்ணீரில் இருந்தது.

சிக்கல் இரண்டாவது வாரத்தில் ஆரம்பிக்கிறது. தண்ணீர் வடிகிறது. டெம்போக்கள் வருவது குறைகிறது. ரேஷன் கடை திறந்து அரிசி கிடைக்கிறது. ஆனால் ஆற்றில் வலை போட முடியவில்லை. கடலில் பிடித்த மீனைக் கொண்டுபோனாலும் எண்ணூர் மீன் என்றால் வாங்குபவர்கள் தயங்கினார்கள். மீனும் வரவில்லை, மீனை விற்ற காசும் வரவில்லை, கருவாடு போடவும் எதுவுமில்லை.

இது போதாதென்று டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறி மக்கள் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலையை மூடச்சொல்லி நாள்கணக்கில் போராட்டம் நடந்தது. ஒரே மாதத்தில் மூன்று அடி.

பணம் கொடுத்தார்களே?

கொடுத்தார்கள். வெள்ள நிவாரணமாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், ரேஷன் கடை வழியாக டோக்கன் முறையில். எண்ணெய்க் கசிவுக்குத் தனியாக 8.68 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். அந்தப் பகுதியின் மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

இந்த எண்களை ஒருமுறை நின்று பார்க்கணும். 2,301 குடும்பம், 787 படகு. ஒரு வீட்டுக்கு ஒரு படகு என்று வைத்தாலும் மூன்றில் இரண்டு பங்கு வீட்டில் படகு இல்லை. கூலிக்கு வலை இழுப்பவர், கையால் இறால் பிடிப்பவர், கூடை தூக்கி மீன் விற்கும் பெண் ஆகியோரின் வீடுகள் அவை. மீன் விற்கும் பெண்ணுக்கு நாசமானது படகல்ல, வாடிக்கை. அதற்கு நிவாரணப் பட்டியலில் தனி வரி கிடையாது.

12,500 ரூபாயை மூன்று மாதத்துக்கு நீட்டினால் ஒரு நாளைக்கு 139 ரூபாய். அதுவும் மொத்தமும் அடுப்படிக்கு வந்தால்தான். எண்ணெய் படிந்த வலைக்குப் பதில் புது வலை, வட்டிக்கு வாங்கிய கடன், வெள்ளத்தில் போன மெத்தை, பிள்ளைகளின் புத்தகப்பை என்று எல்லாம் அந்தப் பணத்துக்குக் காத்திருக்கும். வீட்டுச் செலவில் வெட்டக்கூடிய இடம் என்று எப்போதும் முதலில் தெரிவது காய்கறியும் பருப்பும்தான். வாடகையை வெட்ட முடியாது. குழம்பை ரசமாக்கலாம். ரசத்தை உப்பும் மிளகாயுமாக்கலாம்.

அரசுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். 2021 ஜூனில் கொரோனா இரண்டாம் அலையின்போது அரிசி அட்டைக்காரர்களுக்குக் கொடுத்த 14 பொருள் பையை நினைவிருக்கலாம். கோதுமை மாவு, ரவை, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, புளி, உப்பு, சர்க்கரை, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், டீத்தூள், குளியல் சோப்பு, துணி சோப்பு. இதில் அரிசி இல்லை. அது ஏற்கெனவே ரேஷனில் வந்துகொண்டிருந்தது, இந்தப் பை அதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதைக் கொடுத்தது. சமைக்கத் தெரிந்த யாரோ போட்ட பட்டியல் என்று பார்த்தாலே தெரியும். தமிழ்நாட்டில் இதுவரை கொடுத்த நிவாரணப் பைகளில் அதிகம் யோசித்துக் கட்டியது அதுதான் என்று சொன்னால் தப்பில்லை. ஒரே ஒரு முறைதான் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள்?

பள்ளியில். மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ பொங்கலோ காய்கறி சாம்பாரோடு கிடைக்கும். மதியம் சத்துணவு, கூடவே பள்ளி நாளில் முட்டை. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயச் செட்டியார் காலத்தில் தொடங்கிய மதிய உணவின் தொடர்ச்சி இது. வேலை நாளில் அந்தப் பிள்ளையின் பருப்பும் காயும் முட்டையும் வீட்டிலிருந்து வருவதைவிடப் பள்ளியிலிருந்துதான் அதிகம் வருகிறது.

புயல் வந்தால் முதலில் மூடுவது பள்ளியை. 2023 டிசம்பர் முதல் வாரம் முழுக்கச் சென்னையில் பள்ளி இல்லை. வீட்டில் ஒன்றுமில்லாத வாரத்தில்தான் பள்ளிச் சாப்பாடும் நிற்கிறது. பிறகு அரையாண்டு விடுமுறை. இந்த இடைவெளிக்கென்று தனித் திட்டம் எதுவும் கிடையாது.

பெரியவர்களுக்கு அம்மா உணவகம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் தொடங்கி, மாநகராட்சி வார்டுகள் எங்கும் வந்தது. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து, சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. அட்டை கேட்க மாட்டார்கள், பெயர் கேட்க மாட்டார்கள். 2015 வெள்ளத்திலும் 2020 ஊரடங்கிலும் இலவசமாகவே கொடுத்தார்கள். கேஸ் தீர்ந்த வீட்டுக்கும், அடுப்பே இல்லாமல் அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கும் இதற்கு ஈடு வேறில்லை. என்ன, நடந்துபோய்ச் சாப்பிட்டுவரக்கூடிய ஆளுக்குத்தான் அது. படுத்திருக்கும் பாட்டிக்கு யாராவது வாங்கிவர வேண்டும். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டத்தை 2025 ஆகஸ்ட் 12 அன்று வடசென்னைத் தண்டையார்பேட்டையில்தான் தொடங்கிவைத்தார்கள். அதில் வருவதும் ரேஷன் கடையில் இருப்பதுதான்.

கார்டே இல்லாதவங்க?

மேலே சொன்ன கணக்கெல்லாம் அட்டை உள்ள வீட்டுக்கு. அட்டை இல்லாத வீடு என்றால் முதல் வரியிலேயே, அதாவது அரிசியிலேயே பிரச்சினை தொடங்கிவிடும். அவர்களுக்கு அந்த ஐந்து கிலோ பை உண்மையிலேயே தேவை.

யார் இவர்கள்? புதுசாகக் கல்யாணமாகி, பெற்றோர் அட்டையில் பெயரை நீக்காமல் இருப்பவர்கள். ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருப்பவர்கள். புது அட்டை கேட்டால் தனிச் சமையல் நடக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள், பத்துக்குப் பத்து அறையில் தனிச் சமையலறையை எங்கே காட்டுவது? வாடகை ஒப்பந்தம் எழுதித்தர மறுக்கும் வீட்டுக்காரரிடம் குடியிருப்பவர்கள். துறைமுகத்திலும் ஆலைகளிலும் ஒப்பந்த வேலைக்கு வந்திருக்கும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள்.

வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஒரு வழி உண்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1 முதல் இருக்கிறது. சொந்த ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை இருந்தால், இங்கே எந்தக் கடையிலும் கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். ஆனால் அது தானியத்துக்கு மட்டும். தமிழ்நாடு தன் காசில் கொடுக்கும் மலிவு விலைப் பருப்பும் பாமாயிலும் அவருக்குக் கிடையாது. மறுபடியும் சோறு உண்டு, குழம்பு இல்லை என்ற அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். தமிழ்நாட்டு அட்டைக்காரர்களும் இதே முறையில் மாநிலத்தின் வேறு கடையில் வாங்கலாம். கடையில் இல்லை என்று திருப்பி அனுப்பினால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அப்போ பையில என்ன போடணும்?

ஊரில் உதவும் மரபுக்குப் பஞ்சமில்லை. 1867-ல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்றும் எரிகிறது. சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பிடி அரிசிப் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. 2017-ல் பெசன்ட் நகரில் 'அய்யமிட்டு உண்' என்ற பெயரில் பொது ஃபிரிட்ஜ் வைத்தார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இவற்றில் முதல் இரண்டும் அரிசி கிடைக்காத காலத்தில் பிறந்தவை. அப்போது அரிசிதான் சரியான தானம். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டதால்தான் இன்றும் உதவி என்றதும் மூட்டை அரிசி ஞாபகம் வருகிறது.

காத்திவாக்கம் மாதிரி ஊருக்கு இன்று உதவ நினைத்தால் முதல் கேள்வி, வெள்ளம் வடிந்து எத்தனை நாள் ஆயிற்று? முதல் நான்கைந்து நாள் சமைத்த சாப்பாடு, தண்ணீர் கேன், குழந்தைக்குப் பால்பவுடர். மண்டபத்திலோ ஹோட்டலிலோ மீந்த சாப்பாட்டை அனுப்புவதென்றால் 2019-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த உபரி உணவு விதிமுறைகள் உண்டு. சமைத்த நேரம் எழுதணும், கெட்டுப்போகும் முன் போய்ச் சேரணும். காலையில் கட்டிய சாம்பார் சாதம் எண்ணூர் சாலை டிராஃபிக்கில் நின்று மாலையில் போய்ச் சேர்ந்தால் அது உதவி ஆகாது.

அதற்கப்புறம்தான் மளிகை. அட்டை இருக்கிற வீட்டுக்குத் துவரம்பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, கடலெண்ணெய், புளி, மிளகாய்த்தூள், வெங்காயம், முட்டை. நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்று கிலோ பருப்பு, பயறு வகைகள் சேர்த்துக் கொடுத்தால், ரேஷனின் ஒரு கிலோவோடு சேர்ந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 33 கிராம் ஆகும், எட்டிலிருந்து நாலு மடங்கு. அதே காசுக்கு வாங்கும் அரிசி பார்வைக்குப் பெரிய மூட்டையாக இருக்கும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். அட்டை இல்லாத வீட்டுக்கு இதோடு அரிசியும். எந்த வீட்டில் அட்டை இல்லை என்பது வெளியிலிருந்து போகிறவருக்குத் தெரியாது, தெருவில் பால் பாக்கெட் போடுபவருக்கும் அங்கன்வாடி ஆசிரியைக்கும் நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்காமல் தெருமுனையில் டெம்போவை நிறுத்தினால், ஓடிவர முடிந்தவருக்கே எல்லாம் போகும்.

பை கட்டவே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு வழி. வெளிநாட்டுப் பேன்ட்ரிகளில் பல இப்போது கட்டிவைத்த பையைக் கொடுப்பதை விட்டுவிட்டு, அலமாரியில் அடுக்கி, வருபவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று மாறியிருக்கின்றன. எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும் என்பது காரணம். இங்கே அந்த அலமாரி தெருவுக்குத் தெரு ஏற்கெனவே இருக்கிறது. மளிகைக் கடை அண்ணாச்சி. கஷ்ட காலத்தில் அவரிடம் உள்ள கடன் நோட்டுதான் ஊரின் உண்மையான உணவு வங்கி. ஐந்து ரூபாய் மிளகாய்த்தூள் பாக்கெட்டையும் கால் கிலோ பருப்பையும் எழுதிக்கொண்டு கொடுப்பவர் அவர்தான். கணக்கு ஒரு அளவுக்கு மேல் ஏறினால் அவரும் கொடுக்க முடியாது. 20 குடும்பத்தின் பாக்கியைக் கடையில் போய்க் கட்டிவிட்டால், மறுநாள் காலை அந்த 20 வீட்டுப் பெண்களும் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கேட்டு வாங்குவார்கள். பேனர் கட்ட முடியாது. யாருக்குக் கொடுத்தோம் என்ற போட்டோவும் இருக்காது.

காலண்டரையும் பார்த்துக்கொள்வது நல்லது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். கடல் கொந்தளிப்பும், கருவாடு காயாத வானிலையும், புயல் எச்சரிக்கையும், பள்ளி விடுமுறையும் நவம்பர், டிசம்பரில் ஒன்றாக வரும். மழை கொட்டியபின் வாட்ஸ்அப்பில் பணம் சேர்த்து, வாங்கி, கட்டி, வண்டி பிடித்து அனுப்பும்போது முதல் வாரம் போயிருக்கும். பருப்பு, பயறு, புளி கெடாத சரக்கு. செப்டம்பரில் வாங்கி, தரையில் வைக்காமல் பள்ளியின் மாடியிலோ தேவாலயத்தின் மேல்தளத்திலோ டிரம்மில் போட்டு வைக்கலாம். எண்ணெயும் வெங்காயமும் முட்டையும் அப்போது வாங்கினால் போதும்.